ஐந்து வரி மனு, ஐந்தாண்டுக் காத்திருப்பு: ஓவன்ஸ் எதிர் ஓவன்ஸ்

2018 ஜூலை 25 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. திருமணம் முறிந்துவிட்டது, மனைவியால் இனி அந்தக் கணவரோடு வாழ இயலாது. இந்த இரண்டையும் விசாரணை நீதிமன்றமே எழுதி வைத்திருந்தது. அப்படியும் 68 வயதான அந்தப் பெண்மணிக்கு விவாகரத்து கிடைக்கவில்லை. 80 வயதுக் கணவர் சம்மதம் தராதவரை, 2020 பிப்ரவரி வரை அவர் காத்திருந்தாக வேண்டும்.

இவ்வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டத்தின் பழமையைச் சாடிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது நியாயமான சாடல்தான். என்னை இழுத்தது இன்னொரு பக்கம். குடும்ப வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட பாரிஸ்டர்களும் சொலிசிட்டர்களும் (இங்கிலாந்தின் இருவகை வழக்கறிஞர்கள்) பல்லாண்டாகக் கடைப்பிடித்துவந்த ஒரு நல்ல பழக்கம், ஒரே ஒரு எதிர்மனுதாரர் 'நான் இதற்கு உடன்படமாட்டேன்' என்று நின்றதும், அது யாரைக் காக்க ஏற்பட்டதோ அவரையே சிக்கவைத்தது. சண்டையைத் தணிக்கவென்று எழுதப்பட்ட மனு, சண்டை வந்தபோது நிற்க வலுவில்லாமல் போனது.

குடும்பமும் சட்டமும்

1978இல் திருமணம். இரண்டு பிள்ளைகள், இருவரும் வளர்ந்து ஆளாகிவிட்டவர்கள். இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் வசதியான வாழ்க்கை, காளான் வளர்ப்புத் தொழிலில் நல்ல வருமானம். 2012இலேயே மனைவி விவாகரத்தை நினைத்துச் சொலிசிட்டரைப் பார்த்திருக்கிறார். அவருக்கு வேறொருவருடன் உறவு இருந்தது, அது 2013இல் முடிந்தது, கணவருக்கும் தெரியும். 2015 பிப்ரவரியில் அவர் வீட்டைவிட்டு வெளியேறிப் பக்கத்து வீட்டில் குடியேறினார். அதே ஆண்டு மே மாதம் மனு தாக்கலானது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1973ஆம் ஆண்டு மணமுறிவு வழக்குகள் சட்டம். அதன்படி விவாகரத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று: மீட்க முடியாதபடி திருமணம் முறிந்திருக்க வேண்டும். ஆனால் முறிந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. ஐந்து நிலைகளில் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். பிறன்மனை உறவு, எதிர்த் தரப்பின் நடத்தை, அதாவது மனுதாரர் இனியும் அவரோடு வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாத அளவுக்கான நடத்தை, இரண்டாண்டுக் கைவிடல், இருவரும் சம்மதித்தால் இரண்டாண்டுப் பிரிவு, சம்மதம் இல்லையென்றால் ஐந்தாண்டுப் பிரிவு.

இதில் மனைவிக்கு மிஞ்சியது எது? பிறன்மனை உறவைச் சொல்லி அவரே மனுப் போட முடியாது. அது எதிர்த் தரப்பு செய்திருக்க வேண்டியது. கணவர் சம்மதிக்கவில்லை. ஐந்தாண்டு காத்திருக்க மனமில்லை. ஆகவே இரண்டாவது வழி, நடத்தை. இங்கிலாந்தில் பிரிய விரும்பிய லட்சக்கணக்கான தம்பதிகள் போன பாதையும் அதுவே. காத்திருக்காமல் வெளியே வர அதைவிட்டால் நேர்வழி கிடையாது.

காரமில்லாமல் எழுதுவது

அங்கே வக்கீல் தொழில் இரு கிளையாகப் பிரிந்தது. கட்சிக்காரர் முதலில் போய் உட்காருவது சொலிசிட்டரின் அலுவலகத்தில். மனு, கடிதம், ஆவணம் எல்லாம் அவர் கை. சிக்கல் முற்றும்போது கருத்துரை தரவும் நீதிமன்றத்தில் எழுந்து வாதிடவும் பாரிஸ்டர் வருவார். பாரிஸ்டர்கள் தனித்தனியே தொழில் செய்பவர்கள். சேம்பர்ஸ் எனப்படும் இடத்தில் கூரையையும் குமாஸ்தாக்களையும் மட்டும் பகிர்ந்துகொள்வார்கள். இந்த மேல்முறையீட்டில் மனைவிக்காக நின்ற ஃபிலிப் மார்ஷலும் கணவருக்காக நின்ற நைஜல் டயரும் அன்றைக்குக் குயின்ஸ் கவுன்சல் பட்டம் பெற்ற மூத்தவர்கள். இருவரின் சேம்பர்ஸும் லண்டன் டெம்பிள் பகுதியில், நடந்தே போகும் தூரத்தில் இருப்பவை. குடும்பச் சட்டப் பாரிஸ்டர்களின் உலகம் அவ்வளவு சிறியது. இன்று எதிரே நிற்பவர் நாளை இன்னொரு வழக்கில் பேச்சுவார்த்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஆகவே தேவையில்லாமல் சேறு வாரி இறைப்பவரை அந்த உலகம் மதிப்பதில்லை.

அந்த மனப்பாங்கு எழுத்திலும் பதிவானது. சொலிசிட்டர்களின் அமைப்பான சட்டச் சங்கத்தின் குடும்பச் சட்ட நெறிமுறையும், குடும்ப வழக்கறிஞர்களின் அமைப்பான ரெசல்யூஷனும் சொல்லிவந்தது இதுதான்: நடத்தையைக் காட்டி மனு எழுதும்போது குற்றச்சாட்டுகளைக் குறைத்து எழுதுங்கள், மென்மையாக எழுதுங்கள், முடிந்தால் தாக்கலுக்கு முன்பே எதிர்த் தரப்புக்குக் காட்டுங்கள். காரணம் எளிது. விவாகரத்து என்பது தொடக்கம்தான். அதன்பிறகு வீடு யாருக்கு, ஓய்வூதியம் எப்படி, பிள்ளைகள் எங்கே என்று இதே இருவர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். முதல் தாளிலேயே 'குடிகாரன்', 'கொடுமைக்காரி' என்று எழுதிவிட்டால் பிறகு எந்தச் சமரசகரும் அந்த மேசைக்கு அவர்களைக் கூட்டிவர முடியாது.

நீதிமன்றமும் இதற்கு உடந்தையாகத்தான் இருந்தது. 1977 முதல் எதிர்ப்பில்லாத மனுக்கள் எல்லாமே காகிதத்தில் முடிந்தன. யாரும் கூண்டேற வேண்டியதில்லை. 'வேலையையே கட்டிக்கொண்டு அழுகிறார்', 'என் பேச்சுக்கு மதிப்பில்லை' என்ற அளவில் நான்கு வரி இருந்தால் போதும், எதிர்த் தரப்பு மறுக்காமல் இருந்தால் போதும். 2016இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாக்கலான விவாகரத்து மனுக்கள் ஏறத்தாழ 1,14,000. அவற்றில் கடைசிவரை எதிர்த்து விசாரணைக்கு வந்தவை 17 அளவில் இருக்கலாம் என்று நீதிமன்றம் மதிப்பிட்டது. மீதி எல்லாம் இரு தரப்பும் நீதிபதியும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்ட பாவனை.

இந்தப் பாவனைக்கு அந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. பிறன்மனை உறவுதான் முதன்மையான வழியாக இருந்த காலத்தில், ஒப்பந்தம் பேசிப் பிரிய நினைத்த கணவன் யாரோ ஒரு பெண்ணோடு ஹோட்டலில் ஓர் இரவு தங்குவான். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் பார்த்துவைப்பாள். பிறகு வந்து சாட்சி சொல்வாள். 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், 1971இல் நடைமுறைக்கு வந்தபோது, அந்த நாடகத்தை ஒழிக்க வந்ததுதான். ஒழிந்தது ஹோட்டல் அறை மட்டுமே.

ஓவன்ஸ் மனுவில் இருந்ததும் அந்த வகையான ஐந்து வரிகள். கணவர் வீட்டைவிட வேலைக்கே முதலிடம் தந்தார். அன்போ பாசமோ காட்டவில்லை. அடிக்கடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சண்டை பிடித்தார். மற்றவர்கள் எதிரில் மனைவியை மட்டம் தட்டினார். இவற்றால் மனைவி மனம் வெதும்பி, மதிப்பிழந்ததாக உணர்ந்து, ஆண்டுக்கணக்கில் விலகிப்போய்விட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வழக்கில் இந்த ஐந்து வரியே தாராளம். மனுவை வரைந்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழில்முறை அறிவுரை சொன்னபடியே எழுதியிருக்கிறார்.

ஆனால் கணவர் பதிலுரை தாக்கல் செய்தார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். திருமணம் முறியவில்லை என்றார்.

27 சம்பவங்கள், ஒருசில கேள்விகள்

பாவனை உடைந்துபோனால் மனு தன் காலில் நிற்க வேண்டும். ஐந்து பொதுவரிகளை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணையைத் தாங்க முடியாது. தேதி எங்கே, இடம் எங்கே, என்ன சொன்னார், யார் கேட்டார்கள்? ஆகவே நீதிமன்ற அனுமதியோடு மனு திருத்தப்பட்டது. ஐந்து வரி 27 சம்பவங்களாக விரிந்தது. விமான நிலையத்தில் நடந்த ஒரு வாக்குவாதம், வெளியே சாப்பிடப் போன இடத்தில் ஒரு மனக்கசப்பு, வேலையாட்கள் முன்னிலையில் ஒரு கடிந்துரை என்று தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை.

2016 ஜனவரியில் மத்தியக் குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி ராபின் டால்சன் முன் விசாரணை. ஒரு நாளுக்குள் முடியும் என்று திட்டம். வெளிச் சாட்சிகள் யாரும் இல்லை; கணவனும் மனைவியும் மட்டுமே. 27 சம்பவங்களையும் ஒவ்வொன்றாகக் கிளறவில்லை. மனைவி தரப்பு ஒருசிலவற்றையே முன்னிறுத்தியது. நீதிபதியும் மறுப்புச் சொல்லவில்லை.

இந்த முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த அனுபவசாலியைக் கேட்டாலும் வலுவான நான்கைப் பிடித்துக்கொள், வலுவற்ற இருபதை விட்டுவிடு என்றுதான் சொல்வார். சிவில் வழக்கில், வாகன விபத்து வழக்கில், ஒப்பந்த வழக்கில் இது பால பாடம். பலவீனமான புள்ளியை வைத்திருந்தால் எதிர் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த வழக்கையும் ஆட்டிவிடுவார். கூடவே, அறுபதைத் தாண்டிய பெண்ணைக் கூண்டில் நிறுத்தி நாட்கணக்கில் பழைய மனக்கசப்புகளைத் தோண்டுவதில் மனிதாபிமானமும் இல்லை, கட்சிக்காரரின் பணத்துக்கும் நல்லதில்லை.

ஆனால் மனைவியின் வழக்கு நான்கு பெரிய சம்பவங்களைப் பற்றியது அல்ல. ஒவ்வொன்றும் சிறியது, நாள்தோறும், ஆண்டுதோறும் சேர்ந்ததால் தாங்க முடியாததாயிற்று என்பதே அவர் சொன்னது. தொடர்ச்சியைத்தான் நிரூபிக்க வேண்டும். அதில் நான்கை மட்டும் வெட்டி எடுத்து மேசையில் வைத்தால், பார்ப்பவருக்குத் தொடர்ச்சி தெரியாது. நான்கு சில்லறைத் தகராறு மட்டுமே தெரியும். பலவீனமானதை விடு என்ற பொது விதி, சேர்மானத்தில்தான் பலமே இருக்கும் வழக்கில் எதிர்விளைவைத் தரும். எத்தனையோ எதிர்ப்பில்லா மனுக்களைக் கரைசேர்த்த ஒரு துறைக்கு, ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டுமே நடக்கும் இந்த வகை விசாரணையில் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. தவறு என்று சொல்வதானால், அது பழக்கம் விட்டுப்போன ஒரு முழுத் துறையின் தவறு. யாருடைய தனிப்பட்ட கவனக்குறைவு என்றும் நான் சொல்லமாட்டேன்.

நீதிபதி டால்சன் இரண்டு கண்டறிதல்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினார். திருமணம் முறிந்துவிட்டது, மனைவியால் கணவரோடு வாழ முடியாது. ஆனால் முன்வைக்கப்பட்ட சம்பவங்கள் வலுவற்றவை, மிகைப்படுத்தப்பட்டவை; திருமணத்தில் எதிர்பார்க்கக்கூடிய சிறு உரசல்கள், சில அதுகூட இல்லை. கணவர் சற்றே பழைய காலத்து மனிதர், அவ்வளவுதான். மனு தள்ளுபடி.

மேலே போனபோது

2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பப் பிரிவுத் தலைவர் ஜேம்ஸ் மன்பி, நீதிபதிகள் ஹேலட், மக்கர். மூவரும் தள்ளுபடியை உறுதிசெய்தார்கள். மன்பி வெளிப்படையானவர். அன்றாடம் நடக்கும் விவாகரத்து நடைமுறை பாசாங்கிலும் அறிவு நேர்மையற்ற தன்மையிலும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். மகிழ்ச்சியற்ற திருமணத்தில் இருக்கிறேன் என்பதை நாடாளுமன்றம் விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கவில்லை, அதை மாற்றுவது எங்கள் வேலை இல்லை என்றார். ஹேலட், மேல்முறையீட்டை ஏற்க ஏதாவது நேர்மையான வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே, துளியும் உற்சாகமின்றி உடன்பட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் வாதம் 2018 மே 17 அன்று. ஐந்து பேர் கொண்ட அமர்வு: தலைவர் பிரெண்டா ஹேல், மான்ஸ், வில்சன், ஹாட்ஜ், பிளாக். ரெசல்யூஷன் அமைப்பும் தலையிட அனுமதி பெற்று மனைவிக்கு ஆதரவாகத் தன் வாதத்தை வைத்தது. மென்மையாக எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுத்த அமைப்பே, மென்மையாக எழுதியதால் சிக்கியவருக்காக வந்து நின்றதை இந்த வழக்கின் விசித்திரங்களில் ஒன்றாகச் சொல்லலாம்.

முன்னணித் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்சன், 1970களிலிருந்து வந்த வழக்குகளை எல்லாம் வரிசைப்படுத்தினார். அவற்றில் எனக்குப் பிடித்தது 1975ஆம் ஆண்டின் ஓனீல் வழக்கு. கணவர் வீட்டைத் தானே சீரமைக்கிறேன் என்று கிளம்பினார். தரைப் பலகைகளைப் பெயர்த்தார், சிமெண்ட் கலந்தார், கழிப்பறைக்குச் சுமார் எட்டு மாதம் கதவே இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத அப்பாவி ஆர்வம். இருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் மனைவிக்கு விவாகரத்து தந்தது. கணவரிடம் பழிக்கத்தக்க நோக்கம் இருந்தாக வேண்டியதில்லை என்பது அன்றே முடிவான விஷயம்.

வில்சன் அதை மூன்று கேள்விகளாகத் தொகுத்தார். எதிர்மனுதாரர் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார்? அது இந்த மனுதாரரை, இவருடைய குணத்தையும் சூழலையும் வைத்துப் பார்க்கும்போது, எப்படிப் பாதித்தது? அந்த நடத்தையையும் பாதிப்பையும் கருதினால், இவர் இனியும் அவரோடு வாழ வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமா? மூன்றாவதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறும் என்றும் சேர்த்தார். 1978இல் பொறுத்துப்போ என்று சொல்லியிருக்கக்கூடியதை 2016இல் சொல்ல முடியாது. கணவனும் மனைவியும் சமம் என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது. சட்டத்தின் பொருள் மாறாமலே அதன் விளைவு மாறலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, விசாரணை நீதிபதி சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதால் தலையிட இடமில்லை என்றார். மனதில் உறுத்தல் இருப்பதை மறைக்கவில்லை. இந்தப் பெண்மணிக்கு விவாகரத்து மறுக்கும் சட்டத்தை மாற்றுவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று எழுதினார்.

நீதிபதி ஹேலின் தனித் தீர்ப்பு குறுகியது. எனக்கு அதுவே இவ்வழக்கின் மையம். பல்கலைக்கழகத்தில் குடும்பச் சட்டம் கற்பித்தவர், பின்பு சட்ட ஆணையத்தில் விவாகரத்துச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர் அவர். விசாரணையில் மூன்று இடங்கள் அவரை நெருடின. ஒன்று, சட்டத்தில் இல்லாத 'நியாயமற்ற நடத்தை' என்ற சுருக்கச் சொல்லை நீதிபதி திரும்பத் திரும்பக் கையாண்டது. அது பார்வையைக் குற்றத்தின் பக்கம் திருப்பிவிடும். இரண்டு, அந்த நடத்தைதான் திருமண முறிவுக்குக் காரணமா என்று தேடியது. சட்டம் அந்தத் தொடர்பைக் கேட்கவே இல்லை. மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியம். அதிகாரம் செலுத்தும், சிறுமைப்படுத்தும் நடத்தை நெடுங்காலமாகச் சேர்ந்தது என்பது வழக்கு. அதை ஒருசில சம்பவங்களைக் கேட்கும் குறுகிய விசாரணையில் எப்படி எடைபோட முடியும்?

அப்படியானால் சரியான தீர்வு, வழக்கைத் திருப்பி அனுப்பி மறுவிசாரணை நடத்துவது. ஹேலுக்கு அந்த எண்ணம் இருந்தது. ஆனால் மார்ஷல் தன் கட்சிக்காரர் மறுவிசாரணையை விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பவும் கூண்டு, திரும்பவும் 27 சம்பவம், முடிவு எப்படியென்று உத்தரவாதம் இல்லை. அதற்குள் ஐந்தாண்டுப் பிரிவே முடிந்துவிடும். சட்டப்புள்ளியில் வெல்ல வாய்ப்புத் திறக்கும் நேரத்தில், அந்த வெற்றியால் கட்சிக்காரருக்கு வரப்போவது இன்னொரு அலைக்கழிப்புதான் என்று கணக்குப் போட்டு விலகுவது சிறிய காரியமில்லை. பெயர் சொல்லும் தீர்ப்புக்காக ஒரு வயதான பெண்ணை மறுபடி கூண்டில் ஏற்ற எத்தனை பேர் தயங்கமாட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தால், இதன் அருமை தெரியும். ஹேல் மனமில்லாமல் தள்ளுபடிக்கு இணங்கினார். ஹேலின் நெருடல்களை நீதிபதி மான்ஸ் ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். விசாரணை நீதிபதி எல்லாவற்றையும் கருதியே முடிவெடுத்தார் என்பது அவர் பார்வை.

பேச்சுவார்த்தைக்கும் பூட்டு

ஒரு கேள்வி எழலாம். விவாகரத்துத் தாள் இல்லாமல் போனால் என்ன? தனித்தனி வீட்டில்தானே இருக்கிறார்கள்?

சொத்தைப் பிரித்துத் தரும் அதிகாரம், ஓய்வூதியத்தைப் பங்கிடும் அதிகாரம், இவையெல்லாம் விவாகரத்து ஆணை பிறந்த பிறகே நீதிமன்றத்துக்குக் கிடைக்கும். விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ நீதிமன்ற ஆணை கேட்கலாம் என்றால் அதற்கும் அன்று அதே ஐந்து நிலைகளில் ஒன்று தேவை. ஏறத்தாழ நாற்பதாண்டு உழைத்துச் சேர்த்த குடும்பத்தின் சொத்தில் தன் பங்கை மனைவி கேட்கவே வழியில்லை. வழி இல்லாதவரிடம் யார் பேரம் பேசுவார்கள்? சமரசம், நடுவர், இணக்கப் பேச்சு என்று எதைச் சொன்னாலும், பேசாவிட்டால் நீதிமன்றம் ஓர் உத்தரவு போடும் என்ற நிழல் பின்னால் இருந்தால்தான் மறுதரப்பு வந்து உட்காரும். இங்கே அந்த நிழலே விழவில்லை. குடும்பத் தகராறுகளை வெளியே தீர்க்கலாம் என்று பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே, 2018 செப்டம்பரில், அரசு கருத்துக் கேட்பு ஆவணம் வெளியிட்டது. மசோதா ஒருமுறை நிறைவேறாமல் போய், மறுபடி வந்து, 2020 ஜூன் 25 அன்று அரச ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 6 அன்று. இன்று ஒருவரோ இருவரும் சேர்ந்தோ திருமணம் முறிந்தது என்று அறிக்கை தந்தால் போதும். அதுவே இறுதியான சான்று. விண்ணப்பத்திலிருந்து முதல்கட்டமான நிபந்தனை ஆணைக்குக் குறைந்தது 20 வாரம், அங்கிருந்து இறுதி ஆணைக்கு 6 வாரம். நீதிமன்ற எல்லை, திருமணமே செல்லுமா என்பது போன்ற சில சட்டக் காரணங்கள் தவிர எதிர்த்து நிற்க இடமில்லை. 1996லேயே இதுபோன்ற ஒரு சட்டம் இயற்றப்பட்டு, நடைமுறைக்கே வராமல் கிடந்து, பின்னர் நீக்கப்பட்டது என்பதை நினைத்தால் இந்த வேகம் வியப்பானது. அந்த வேகத்தில் இந்த ஒரு வழக்குக்குப் பெரும் பங்குண்டு.

எதிர்த்து நடக்கும் விவாகரத்து விசாரணை மறைந்ததால் பாரிஸ்டர்களுக்கு வேலை குறையவில்லை. அது ஏற்கெனவே பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் நகர்ந்திருந்தது. நிதி வழக்குகளில் இரண்டாம் அமர்வாக வரும் இணக்க விசாரணை 2000 முதல் நாடெங்கும் உள்ளது. அதில் நீதிபதி இரு தரப்பின் பேரங்களையும் திறந்து பார்த்து, நான் தீர்ப்பெழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதன்பிறகு அவர் அந்த வழக்கைத் தொடமாட்டார். நீதிமன்றங்களில் தேதி கிடைப்பது அரிதாக அரிதாக, வசதியுள்ளவர்கள் இதையே தனியாரிடம் நடத்தத் தொடங்கினார்கள். இரு தரப்பும் சேர்ந்து ஒரு மூத்த பாரிஸ்டரையோ ஓய்வுபெற்ற நீதிபதியையோ ஒரு நாளுக்கு அமர்த்துவார்கள். முழு நாளும் அவர்களுக்கே. நேற்றுவரை எதிரே நின்று வாதிட்டவர் இன்று நடுவில் உட்கார்ந்து எடைபோடுவார். 2012 முதல் குடும்ப நடுவர் தீர்ப்பு முறையும் இருக்கிறது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நடுவர் தீர்ப்பு தவறென்று ஒருவர் கருதினால் சாதாரண மேல்முறையீட்டு அளவுகோலிலேயே அதைச் சோதிக்கலாம் என்று சொன்னபின், தயங்கியவர்களுக்கும் கொஞ்சம் துணிவு வந்தது.

அரசும் தள்ளிக்கொண்டிருக்கிறது. 2014 முதல் பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் நீதிமன்றம் வருமுன் சமரச அறிமுகக் கூட்டத்துக்குப் போயாக வேண்டும். 2024 ஏப்ரல் 29 முதல் விதிகள் இன்னும் இறுகின. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க என்ன முயற்சி செய்தீர்கள் என்று இரு தரப்பும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். காரணமில்லாமல் மறுத்தவரிடம் செலவுத்தொகை கேட்கப்படலாம். வீட்டுக்குள் வன்முறை இருந்த வழக்குகளுக்கு விலக்கு உண்டு, இருக்கவும் வேண்டும்.

ஆனால் யார் குற்றம் என்ற கேள்வி வாசல் வழியே போய் ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கிறது. 1973 சட்டத்தின் 25ஆம் பிரிவில், சொத்துப் பங்கீட்டின்போது நடத்தையையும் கருதலாம் என்ற வரி இன்னும் இருக்கிறது. கருதாமல் விடுவது அநீதியாகும் அளவுக்கு இருந்தால் மட்டும். விவாகரத்து மனுவில் கொட்ட முடியாத ஆத்திரத்தை இங்கே கொட்டக் கட்சிக்காரர்கள் துடிப்பார்கள். நிதி விவர அறிக்கையான ஈ படிவத்தில் 4.4 என்று அதற்கென்றே ஒரு கட்டமும் இருக்கிறது. 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதி பீல் இதற்கு ஒரு வரம்பு போட்டார். நடத்தையைச் சொல்பவர் ஆரம்பத்திலேயே, குறிப்பாக, விவரத்தோடு சொல்ல வேண்டும். அது மிக உயர்ந்த அளவைத் தொட வேண்டும். அதனால் பண இழப்பு என்ன என்றும் காட்ட வேண்டும். தேறாது என்று தோன்றினால் முதல் அமர்விலேயே அதை விசாரணையிலிருந்து விலக்கிவிடலாம்.

இப்போது மூத்த பாரிஸ்டரின் கலந்தாய்வில் முதலில் எடுக்கப்படும் முடிவுகளில் ஒன்று, அந்த 4.4 கட்டத்தில் என்ன எழுதுவது என்பது. பெரும்பாலோர்க்கு அவர் சொல்லும் அறிவுரை, வெறுமையாக விட்டுவிடுங்கள் என்பதே. எழுதத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், ஐந்து வரியில் நிறுத்தமாட்டார். தேதி, வங்கிக் கணக்கு, குறுஞ்செய்தி, சாட்சி என்று அத்தனையும் இணைத்து, விசாரணைக்கு எத்தனை நாள் தேவை என்பதையும் முதல் அமர்விலேயே கேட்டுவைப்பார்.